மேல் கடையும் கீழ் கடையும்

அந்த வண்டிக்கு இரண்டு மெக்கானிக்குகள். ஒரு மருமகளுக்கு இரண்டு மாமியார் வாய்த்த மாதிரி என்று கண்ணாடிக்காரி சொல்வாள். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் கலைப்பார், கலைத்தவர் செய்ததை முதலாமவர் திரும்பக் கலைப்பார், நடுவில் கிடந்து அல்லாடுவது வண்டி. மலை மேலே இருந்த கடை அவளுடைய அண்ணனுடையது. மலையடியில் இருந்த கடை தம்பியுடையது. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக் கணக்காகிவிட்டது.

கண்ணாடிக்காரி என்பது ஊர் வைத்த பெயர். அவள் கணவர் அடிவாரத்துக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மலையில் கண் பரிசோதிக்க ஆள் கிடையாது. அதனால் வாரா வாரம் சோதனை லென்ஸ்கள் அடுக்கிய மரப்பெட்டியைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் அவளே ஏறிப் போவாள். கடையில் உட்காரக் கணவர், அலைய இவள். இதில் யார் முதலாளி என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

மேலே போகப் போகக் காற்று இளைக்கும். மனுஷனுக்கு மூச்சு வாங்கும், அவன் நின்று நிதானித்து ஏறுவான். பழைய வண்டியின் கார்புரேட்டருக்கு அந்த நிதானம் தெரியாது. காற்று குறைந்தாலும் பெட்ரோலை மட்டும் அதே தாராளத்தோடு ஊற்றிக்கொண்டிருக்கும். கடைசி வளைவுகளுக்கு வரும்போது வண்டி இருமும், புகை கறுக்கும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் முனகுமே தவிர இழுக்காது. அப்படியே நொண்டிக்கொண்டு போய் அண்ணன் கடை வாசலில் நிற்கும்.

அண்ணன் ஒன்றும் கேட்கமாட்டார். தங்கை செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே உட்காருவார். பெட்ரோல் வழிகிற பெரிய துளை ஜெட்டைக் கழற்றிவிட்டுச் சின்னத் துளை ஜெட்டைப் போடுவார். பெட்ரோல் வழியை அடைக்கிற ஊசியை ஒரு காடி இறக்குவார். காற்றை அளந்து விடுகிற ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்புவார். திருப்பும்போதே வாய் திறக்கும்.

"பெட்ரோலைக் கொட்டி வண்டியைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கான் பாரு. இவன் மெக்கானிக்கா, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறவனா?"

வண்டி தெளிந்துவிடும். மேலே வேலை முடித்துக் கீழே இறங்கினால், அதே வண்டி இப்போது காற்று அதிகமாகி, பெட்ரோல் போதாமல் சூடேறி நிற்கும். தம்பி வந்து என்ஜினில் கை வைக்கப் போய் வெடுக்கென்று எடுத்துக்கொள்வான்.

"பட்டினி போட்டு அனுப்பியிருக்கார் பாருக்கா. இப்படியே நாலு நாள் ஓட்டினா வால்வு கருகிடும், பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். காதால கேட்டே வண்டி பார்க்கிறவர்னு பேரு, இதுகூடக் கேக்கல அவருக்கு."

சின்ன ஜெட் போய்ப் பெரிய ஜெட் வரும். ஊசி ஒரு காடி ஏறும். ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்று உள்ளே போகும்.

மலையில் காற்று இளைக்கும் என்பது இந்த இரண்டு மகா மேதைகளுக்கும் தெரியாதது அல்ல. தொழில் பழகின முதல் வருஷமே தெரிந்த சங்கதி. தெரிந்தும் திட்டினார்கள். திட்டாவிட்டால் அந்த ஒரு பேச்சும் நின்றுபோகும். கண்ணாடிக்காரிக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. வண்டியை நடுவாந்திரமாக வைத்து இரண்டு இடத்திலும் சுமாராக ஓடச் செய்யலாம், அவள் கேட்டால் இரண்டு பேருமே செய்து தருவார்கள். அவள் கேட்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தரமாவது ஒரே ஸ்க்ரூவைத் தொடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு தடவை தம்பி தானாக ஒரு அடி எடுத்து வைத்தான். அவனிடம் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தது. என்ஜின் காற்றை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்று முள் அசைத்துக் காட்டுகிற கருவி. அண்ணன் எல்லாவற்றையும் காதால் கேட்டே சரிசெய்கிற ஆள், அதைத் தொட்டதே கிடையாது. "அண்ணனுக்கு வயசாகுது, காது முந்தி மாதிரி இருக்காது, இது உதவும்" என்று துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தனுப்பினான். அண்ணன் அதைத் தன் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியில் மாட்டிப் பார்த்தார். முள் தொய்ந்துபோய் நின்றது. இன்னொரு வண்டியில் மாட்டினார். அதிலும் தொய்வு. மூன்றாவதிலும் அப்படியே. தான் கைவைத்த வண்டிகள் எல்லாம் சீக்காளி என்று சொல்லத்தான் தம்பி இதை அனுப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். அந்த உயரத்தில் எந்த என்ஜினில் மாட்டினாலும் முள் அப்படித்தான் தொய்யும், வெளிக்காற்றே இளைத்திருக்கும்போது அது எங்கே போகும். சாதாரண நாளில் இதை அவரே யோசித்திருப்பார். கோபத்தில் இருக்கிற மெக்கானிக்குக் காற்றும் எதிரிதான். கேஜ் அதே துணியில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தது. தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

கோபத்தின் வேர் அம்மாவின் சாவில் இருந்தது. அண்ணன் மேலே கடை போட்ட பிறகு அம்மா தம்பி வீட்டில்தான் இருந்தாள். பெருமழைக் காலத்தில் ஒரு நாள் திடீரென்று போய்விட்டாள். மலைச்சரிவு விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அண்ணன் செய்தி கேட்டவுடன் கிளம்பி, சேற்றிலும் பாறையிலும் நடந்தே இறங்கினார். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நனைந்த சட்டையோடு வாசலில் நின்று, "எனக்காக ஒரு நாள் காத்திருக்க முடியலையாடா உன்னால?" என்று கேட்டார். ஊரில் கரன்ட் இல்லை, ஐஸ் இல்லை, அம்மாவை வைத்திருக்க முடியவில்லை என்று தம்பி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்த காலோடு திரும்பி நடந்தார். அதன் பிறகு மலையை விட்டு இறங்கவே இல்லை.

இப்போது தம்பி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.

கடையில் ஒரு வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, உடனே நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணன் வந்த பிறகு செய்துகொள்கிறேன் என்றான்.

முதலில் அது ஏதோ பயத்தில் சொல்கிற சாக்கு என்றுதான் நினைத்தார்கள். அவன் மனைவி அழுதாள், மிரட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். டாக்டர் இரண்டாம் தரமும் வந்து சொன்னார். தலைகீழாக நின்றாலும் அவன் சம்மதிக்கவில்லை. கண்ணாடிக்காரிக்கு வந்த ஆத்திரத்தில் நோயாளி என்றும் பார்க்காமல் கத்திவிட்டாள்.

"உயிரு ஊசலாடிட்டு இருக்கு, இப்ப என்னடா உனக்கு வீம்பு?"

"வீம்பு இல்லக்கா." அவன் குரல் மெலிந்திருந்தது. "அம்மா விஷயத்துல அவர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டேன். இப்ப நான் உள்ள போயி, திரும்பி வரலைன்னு வெச்சுக்கோ. ரெண்டாவது தடவையும் அவர் வர்றதுக்குள்ள முடிச்சவன் ஆயிடுவேன். அது மட்டும் வேணாம். நான் காத்திருக்கேன்."

அவள் தினமும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் கேட்டுக்கொள்வார். "அவனுக்கு ஒண்ணும் ஆகாது, கல்லு மாதிரி இருக்கிறவன்" என்பார். "படுத்துக்கிட்டு என்னை வரவழைக்கப் பார்க்கிறான், நான் வந்தா அவன் ஜெயிச்சதா ஆயிடும்ல" என்று ஒரு நாள் சொன்னார். அன்று அவள் போனைத் தூக்கி எறியப் போனாள். ஒருவன் சாவதற்கும் பிழைப்பதற்கும் நடுவில் ஜெயிப்பது தோற்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆண்பிள்ளைகள் பேசாமல் இருப்பதைப் பெரிய பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தைச் சுமக்கிறவர்கள் யார் என்று ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தால் தேவலை.

போன் வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் அவள் லென்ஸ் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்.

வழக்கம்போலக் கடைசி வளைவுகளில் வண்டி இருமியது. ஒரு திருப்பத்தில் நின்றே போனது. அவள் இறங்கி, மூச்சு வாங்க உதைத்து, திரும்பக் கிளப்பினாள். அடுத்த திருப்பத்தில் கன்னம் சில்லிட்ட பிறகுதான் தான் அழுதுகொண்டே ஓட்டுவது அவளுக்குத் தெரிந்தது. வண்டியை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் மலைமேல் கடைத்தெருவுக்குள் நுழைந்தாள்.

மேல் கடை ஒரு தகரக் கூரைக் கொட்டகை. மேகம் இறங்குகிற நேரங்களில் அது நேராக உள்ளே வந்து ஸ்பானர்களின் மேல் படியும். அதனால் அண்ணன் எல்லாச் சாமான்களையும் எண்ணெய்த் துணியால் போர்த்தி வைத்திருப்பார். அவர் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது, அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"சாப்பிட்டியா பாப்பா?"

"இல்லண்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம். நீ கிளம்பு."

"போன்லயே சொல்லிட்டேனே."

"போன்ல சொன்னே. இப்ப என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "நேத்துக்கு இன்னைக்கு எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டார். மோசமாக இருக்கிறான் என்றாள் அவள். உதடு நீலம் பாரித்திருக்கிறது, பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு எடுக்கிறான் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, பேச்சு அதோடு முடிந்தது என்பதைப் போல, வண்டியைக் கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு போனார்.

"அவன் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கட்டும். நல்லபடியா எழுந்து வரட்டும். அப்புறம் பார்க்கலாம். இப்ப உன் வண்டி கிடந்து இருமுது, முதல்ல அதைப் பார்ப்போம்."

பழக்கம் என்பது பொல்லாதது. கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனசு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவர் கண்ணாடியை மாட்டினார், கீழே உட்கார்ந்தார், சின்ன ஜெட்டைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், ஏர் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். "பாரு, எப்பவும் போலக் கொட்டி…" என்று ஆரம்பித்தார்.

அவள் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதேண்ணே."

"ஏன்?"

"கீழ திருப்பி வைக்க ஆள் இல்ல."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்காமல் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"நீ மாத்திவிட்டா மேல நல்லா ஓடும். கீழ போனா சூடேறும். எப்பவும் அவன் வாசல்ல நிப்பான், உன்னைத் திட்டிக்கிட்டே திருப்பி வைப்பான். இப்ப அவன் கடை பூட்டிக் கிடக்கு. நீ வெச்சபடியேதான் நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டணும். வால்வு கருகும். வேற எவன்கிட்டயும் இந்த வண்டியை நான் கொடுக்க மாட்டேன். அதனால தொட வேணாம். இது அவன் கடைசியா வெச்சது, அப்படியே இருக்கட்டும்."

அண்ணனின் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. அத்தனை வருஷமும் அந்த ஸ்க்ரூவை அவர் எந்தக் கவலையும் இல்லாமல் திருப்பியிருக்கிறார். தங்கையின் வண்டி கருகிவிடும் என்று ஒரு நாளும் பயந்ததில்லை. ஏன் பயப்படவில்லை என்று இப்போதுதான் யோசித்தார். கீழே ஒருவன் இருந்தான். வண்டி போய்ச் சேர்ந்த உடனே அதைச் சரியாக வைப்பான் என்று, வாயால் அவனை எவ்வளவு வைதாலும், உள்ளுக்குள் துளி சந்தேகம் இல்லாமல் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள்கூட அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

அவள் மணிக்கட்டை விட்டுவிட்டாள். அதன் பிறகு அவர் மெதுவாக முழங்காலில் கையூன்றி எழுந்து, ஜெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் கை கழுவப் போனார். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.

"ரொம்ப மோசமா இருக்கானா பாப்பா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"ஆமாண்ணே."

"சட்டையை மாத்திக்கிட்டு வரேன்."

வண்டியை அவர் ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்தாள். மேல் வளைவுகளில் என்ஜின் திக்கித் திணறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், ஆனால் தம்பியைத் திட்டவில்லை. இறக்கமான ரோடானாலும் அதில் இடையிடையே சின்ன ஏற்றங்கள் வரும், ஆக்ஸிலேட்டரைத் திறந்தால்தான் ஏறும். முதல் ஏற்றத்தில் வண்டி கறுப்பாகப் புகைவிட்டது. அடுத்ததில் புகை குறைந்தது. பாதி மலை இறங்கியபோது இருமல் நின்றுவிட்டிருந்தது. அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்வதைப் பின்னாலிருந்து அவள் பார்த்தாள். என்ஜினை உற்றுக் கேட்கும்போது அவர் அப்படித்தான் சாய்ப்பார்.

மலையில் வைத்துப் பார்க்கிறபோது மட்டுமே தம்பியின் வேலையை அவர் பார்த்திருக்கிறார். அது தப்பாக இருக்கிற இடத்தில் மட்டும். கீழே, அது எந்தக் காற்றுக்காக வைக்கப்பட்டதோ அந்தக் காற்றில், அவர் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. மலை முடிந்து சமமான ரோடு வந்ததும் அவர் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்தார். வண்டி ஒரு சின்னத் தயக்கம்கூட இல்லாமல் எழும்பி ஓடியது. ஒரு தட்டல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. அப்படியே கொஞ்ச தூரம் போனார். பிறகு வேகத்தைக் குறைத்து, ரோட்டோரம் நிறுத்தி, இறங்கி நின்றுகொண்டார்.

"என்னண்ணே ஆச்சு, வண்டியில ஏதாவதா?"

"வண்டியில ஒண்ணும் இல்ல," என்றார். "எவ்வளவு நல்லா வெச்சிருக்கான் பாரு." தோள் குலுங்கியது. அவள் அவரைத் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள். அழ வேண்டிய நாளில் அழாமல் மலை ஏறிப்போன மனுஷன். இப்போதாவது வந்ததே.

வார்டில் தம்பி தலையணைகளை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான். நேராகப் படுத்தால் மூச்சு முட்டியது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். அவன் மனைவி தோளைப் பிடித்து அமுக்கினாள். அண்ணன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் தெரிந்த இடத்தில் ஆரம்பித்தார்கள்.

"வண்டி எப்படிண்ணே வந்துச்சு?"

"மேல இருமிச்சு. கீழ வாயே திறக்கல. ரொம்ப நல்லா வெச்சிருக்கே."

"மேல நீ வெக்கிறதும் சரிதாண்ணே." அவன் நிறுத்தி மூச்சு எடுத்தான். "அக்கா வந்ததும் ப்ளக்கைக் கழட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் பத்தாம வெளுத்துப் போயிருக்கும். அந்த உயரத்துக்கு எவ்வளவு கச்சிதமா வெச்சிருக்கார்னு தெரியும். தெரிஞ்சும் திட்டுவேன்."

"நான் மட்டும் என்னவாம். நானும் அப்படித்தான்."

தம்பி சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறியது. அக்கா தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, எதையோ முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தோடு சொன்னான்.

"அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்ணே."

"முடியாதுடா." அண்ணன் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "கரன்ட் இல்ல, ஐஸ் இல்ல, நீ என்ன செய்வே? நடந்து வரும்போதே எனக்குத் தெரியும், முடிஞ்சிருக்கும்னு. அம்மா உயிரோட இருந்தப்ப நான் எத்தனை தடவை இறங்கி வந்தேன்? அதுதான் என்னைக் குத்திச்சு. அதுக்கு யாரைப் போய்த் திட்டுறது? நீ கையில கிடைச்சே. உன்னைத் திட்டிட்டுப் போயிட்டேன். இத்தனை வருஷமா உன்மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சேதான் இருந்தேன்."

தம்பி அண்ணன் கையை விடவில்லை. அவன் மனைவி வெளியே போய்த் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். கண்ணாடிக்காரி டாக்டரைத் தேடிப் போய், அவன் சம்மதித்துவிட்டான் என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது அண்ணனைப் பார்த்து, "என் கடை பூட்டியிருக்குன்னு வந்தவங்களை எல்லாம் மேல இழுத்துக்கிட்டுப் போயிடாதே" என்றான். அண்ணன், "போடா, சீக்கிரம் எழுந்து வந்து உன் கடையைப் பாரு" என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

டாக்டர் வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே கண்ணாடிக்காரிக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் மனைவி தரையில் சரிந்தாள். அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் திரும்பி நடந்தபோது கண்ணாடிக்காரி அவர் பின்னாலேயே போனாள். எதற்குப் போனோம் என்று பிற்பாடு பல தடவை தன்னையே நொந்துகொண்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டாள். டாக்டர் நல்ல மனுஷர், பூசி மெழுகத் தெரியாதவர்.

"போன வாரமே செஞ்சிருந்தா பெரும்பாலும் பிழைச்சிருப்பார்மா. ஒவ்வொரு நாளும் இதயம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வந்திருக்கு. இன்னைக்கு எங்களுக்குக் கிடைச்சதுல வேலை செய்ய ஒண்ணும் மிச்சம் இல்ல."

அடக்கத்துக்கு அண்ணன் முன்னால் நின்றார். எல்லாவற்றையும் அவரே செய்தார். அதற்குப் பிறகும் மலைக்குத் திரும்பவில்லை. தம்பியின் கடையில் பாதியில் நின்ற வண்டிகள் கிடந்தன, அதையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். காலையில் போய் ஷட்டரைத் தூக்குவார், சாயங்காலம் இறக்குவார். தம்பி கழற்றிப் போட்டிருந்த சாமான்களை அவன் வைத்திருந்த வரிசையிலேயே எடுத்து மாட்டினார்.

கண்ணாடிக்காரி ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். அவர் யாருடையதோ ஒரு பழைய வண்டியின் முன்னால் உட்கார்ந்து கார்புரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் இருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். வெயில் ஷட்டருக்கு அடியில் பாதிக் கடைவரை வந்திருந்தது. அவர் என்ஜினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டு, நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அவளைப் பார்க்காமல் அந்த என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா."

"என்னண்ணே?"

"அன்னைக்கு டாக்டர் பின்னாடி போனியே. அவர் என்ன சொன்னார்?"

அவள் தட்டிலிருந்த மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள். தண்ணீரை டம்ளரில் ஊற்றினாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும், அதற்கு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை.

"நீ கூப்பிட்ட அன்னைக்கே நான் வந்திருந்தா?" என்று அவரே கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"ஒண்ணும் மாறியிருக்காதாம்ணே," என்றாள் அவள். "எப்பவோ கெட்டுப்போயிருந்ததாம். எப்ப செஞ்சிருந்தாலும் இதேதான்னு சொன்னார்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மேல் கடையில் பார்க்காத அந்த முகத்தை இப்போது நன்றாகவே பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் இருக்கப் பார்த்தாள், கொஞ்ச நேரம்தான் முடிந்தது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்படியா," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். அவர் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு பேரும் அதன் பிறகு அதைப் பற்றி என்றைக்குமே பேசவில்லை.